மழைக்கு ஆகாத கார்

கேரித் தீவுத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் வெரோனிகாவை நேர்முகத்துக்குக் கூப்பிட்டபோது, தலைமையாசிரியை லோகேஸ்வரி முதலில் கேட்டது படிப்பைப் பற்றி அல்ல.

"சொந்த வண்டி இருக்கா? கிள்ளான்ல இருந்து வரணும். ஏழரைக்கு மணி அடிச்சா நீங்க கிளாஸ்ல நிக்கணும். முன்ன இருந்த டீச்சர் பஸ்ஸு, லிஃப்ட்டுன்னு சொல்லிச் சொல்லியே போயிட்டாங்க."

"இருக்குங்க டீச்சர்," என்றாள் வெரோனிகா. அப்போது அவளிடம் இருந்தது ஒரு குடையும், புருஷனுடைய மோட்டார் சைக்கிளின் பின்சீட்டும்தான்.

பொய்தான். வேறு என்ன செய்வாள்? பதினெட்டு வயதில் ஷா ஆலம் பக்கம் ஒரு ஃபாக்டரியில் சேர்ந்து, ஒன்பது வருஷம் நின்றபடியே திருகாணி முடுக்கியவள். கல்யாணத்துக்குப் பிறகு, ஸ்டானிஸ்லாஸ் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக் கொண்டுவந்த சம்பளத்தில் படிப்புக்கும் பங்கு பிரித்து, வார இறுதி வகுப்புகளுக்குப் போய், இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை தேறிப் பட்டம் வாங்கினாள். முப்பத்தொன்பதாவது வயதில்தான் அவளை டீச்சர் என்று கூப்பிட ஒரு வகுப்பறை கிடைத்திருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் காண்டிராக்ட் வேலை. அதை ஒரு காருக்காக விடுவதா?

பள்ளி திறக்க இரண்டு வாரம் இருந்தது. கூட்டுச் சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. கார் விற்கும் ஏஜெண்டும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தார். அவர்தான் ஹென்றி. பூச்சோங்கில் பழைய கார் கடை வைத்திருந்தார். வெரோனிகா வீடு இருக்கும் அன்பியத்தில்தான் அவரும் இருந்தார். மாதம் ஒரு முறை யாராவது ஒருவர் வீட்டு ஹாலில் பத்துப் பன்னிரண்டு குடும்பம் கூடி ஜெபமாலை சொல்லி, முடிந்ததும் மீஹூன் கோரேங் சாப்பிட்டுக் கலையும் கூட்டம் அது. ஹென்றிதான் பாட்டு எடுத்துக் கொடுப்பார். நல்ல குரல் மனுஷனுக்கு. அந்தக் குரலிலேயே காரும் விற்றார்.

"தங்கச்சி, உனக்குன்னே ஒன்னு வந்திருக்கு. ஆட்டோ கியர். ஒரே ஓனர், சீனத்து ஆன்டி, மார்க்கெட்டுக்கு மட்டும்தான் ஓட்டினாங்க."

வெள்ளி நிறக் கார். வயது பன்னிரண்டு என்றாலும் பளபளவென்று இருந்தது. உள்ளே சீட் உறை புதிது, மிதியடி புதிது. பின் கண்ணாடி ஓரம் ஒரு கட்டு பாண்டான் இலை வாசனையாகக் கிடந்தது. எவ்வளவு சுத்தமான ஆன்டி என்று வெரோனிகா மனதுக்குள் மெச்சிக்கொண்டாள்.

"ஒரு ஃபோர்மன்கிட்ட காட்டிட்டு வாங்கலாமா?" என்று ஸ்டானிஸ்லாஸ் காதோரம் கேட்டான். அவள் அவன் கையைக் கிள்ளினாள். கூட உட்கார்ந்து ஜெபம் சொல்கிறவரை வைத்துக்கொண்டு மெக்கானிக்கைக் கூட்டி வருவதா? மூஞ்சியில் அடித்த மாதிரி இருக்காதா? தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்தப் புண்ணியவதி காசு கொடுத்து வாங்கிய மாட்டின் வாயைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஃபாதர் வந்து காரைச் சுற்றித் தீர்த்தம் தெளித்தார். அந்தக் கார் அதற்கு முன்னால் பார்த்திருந்த தண்ணீருக்கு அது ஒரு கையளவுகூட இல்லை.

மூன்று வாரம் ஒழுங்காக ஓடியது. நாலாவது வாரம் விடியற்காலையில் மழை. பந்திங் போகும் ரோட்டில், தெலுக் பங்லிமா காராங் தாண்டியதும், ஒரு இருமல் கூட இல்லாமல் இன்ஜின் அணைந்தது. பின்னால் வந்த லோரிக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தபடி ஒதுங்கிப் போனான். இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள். வெரோனிகா சாவியைத் திருப்பினாள், கும்பிட்டாள், திட்டினாள். அரை மணி நேரம் கழித்து, தனக்குத் தோன்றியபோது அது எழுந்து ஓடியது.

"ஜாம்ங்க டீச்சர்," என்று லோகேஸ்வரியிடம் சொன்னாள். கார் கோளாறு என்று சொன்னால், எப்போது வாங்கியது என்ற கேள்வி வந்து, நேர்முகத்தில் சொன்ன பொய்யின் வால் வெளியே தெரிந்துவிடும் என்ற பயம். லோகேஸ்வரி கடிகாரத்தைப் பார்த்தார், பதிவேட்டைத் திறந்தார்.

அதன் பிறகு அந்தக் காரும் மழையும் பேசி வைத்துக்கொண்டதுபோல நடந்தன. பேட்டரி மாற்றினாள். ஆல்டர்னேட்டர் மாற்றினாள். பெட்ரோல் பம்ப்பும் மாற்றினாள். ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொருவன் தலையைச் சொறிந்து ஒரு சாமானின் பெயரைச் சொன்னான். பொம்பளை தனியாக வந்தால் சொல்கிற சாமான் இரண்டாகிறது என்பதையும் அவள் கண்டுபிடித்தாள். "வீட்ல ஆம்பள யாரும் இல்லையா, அவர்கிட்ட சொல்லிக்கிறேன்," என்று ஒருவன் சொன்னபோது, "பில்லையும் அவர்கிட்டயே குடு," என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். சாமான் சாமானாகத் தின்றது அந்தக் கார். யானைக்குத் தீனி போடுகிறவனுக்காவது திருவிழாவில் மரியாதை உண்டு.

கடைசியில் கிள்ளானில் கார்த்திகேசு என்ற ஃபோர்மன்தான் உண்மையைச் சொன்னார். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. டிரைவர் சீட்டின் பெல்ட்டைப் பிடித்து, கடைசி வரைக்கும் இழுத்தார். சாதாரணமாக வெளியே வராத அந்தக் கடைசி இரண்டு சாண் பெல்ட்டில், டீத்தண்ணி நிறத்தில் ஒரு கோடு. விரலால் தேய்த்துக் காட்டினார். சேறு.

"டீச்சர், இது வெள்ளத்துல முங்குன காரு. கிள்ளான், ஷா ஆலமெல்லாம் முழுகுச்சே, அந்த டிசம்பர். அப்ப முங்குனதா இருக்கும். கழுவி, சீட்டு உறை போட்டு வித்துட்டாங்க. வயரெல்லாம் உள்ளுக்குள்ள அரிச்சுப் போச்சு. நான் ஒன்னு மாத்துனா இன்னொன்னு போகும்."

"மொத்தமா மாத்த முடியாதா?"

"முடியும் லா. அதுக்கு இன்னொரு காரே வாங்கிடலாம்."

அன்றே பூச்சோங்குக்குப் போனாள். ஹென்றி முகம் மாறவில்லை. ஐஸ் மைலோ வாங்கிக் கொடுத்தார்.

"எனக்கே தெரியாது தங்கச்சி. ஏலத்துல எடுத்தது. பழைய வண்டின்னா சின்னச் சின்னது இருக்கத்தான் செய்யும்."

"சின்னதாண்ணே? ரோட்டுல நிக்குதுண்ணே. லோரி வந்து இடிச்சா நான் செத்தேன்," என்று கத்தினாள்.

"ஏம்மா அபசகுனமா பேசற? ஜெபம் பண்ணிக்கிறேன்."

போலீசுக்குப் போகலாமா, நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாமா என்று ஸ்டானிஸ்லாஸ் கேட்டான். ரசீதில் 'உள்ளபடியே வாங்கிக்கொண்டேன்' என்று ஒரு வரி இருந்தது. அதன் கீழே வெரோனிகாவின் அழகான டீச்சர் கையெழுத்தும் இருந்தது. அதற்கும் மேலே ஒரு காரணத்தால் அவள் போகவில்லை. போனால் அன்பியம் இரண்டாகும், 'காசுக்காகக் கோயில் ஆளைக் கோர்ட்டுக்கு இழுத்தவள்' என்ற பெயர் அவளுக்குத்தான் வரும். அடுத்த ஞாயிறு பூசையில், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுங்கள் என்று ஃபாதர் சொன்னதும், முன்வரிசையில் இருந்த ஹென்றி திரும்பிக் கைகூப்பி, பல் தெரியச் சிரித்து, "சமாதானம்," என்றார். வெரோனிகாவும் கைகூப்பினாள். அவரைக் கன்னத்தில் அறைய வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. நற்கருணை வாங்கப் போகாமல் வெளியே வந்து காருக்குள் உட்கார்ந்து அழுதாள்.

ஆறாவது முறை தாமதமாக வந்த அன்று லோகேஸ்வரி கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"உங்க கிளாஸ் பிள்ளைங்க உங்களுக்காக வராண்டாவுல நிக்குதுங்க, வெரோனிகா. நீங்க நல்லாத்தான் சொல்லிக் குடுக்கறீங்க. அதனாலதான் இவ்வளவு நாள் பொறுத்தேன். இன்னொரு வாட்டி லேட்டுன்னா காண்டிராக்ட்டைப் புதுப்பிக்கச் சொல்லி நான் எழுத மாட்டேன்."

அன்று மாலையே வெரோனிகா காரின் பின் கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று எழுதி ஒட்டினாள். விற்ற பணத்தை முன்பணமாகக் கட்டி, வங்கிக் கடன் கிடைக்கிற வேறு காராக, சொன்ன நேரத்துக்குக் கிளம்புகிற காராக ஒன்று எடுத்துவிட வேண்டும்.

"யாராச்சும் கேட்டா வெள்ளத்தப் பத்தி என்ன சொல்றது?" என்று ஸ்டானிஸ்லாஸைக் கேட்டாள்.

"கேட்டா சொல்லு. கேக்காததுக்கு எதுக்கு வாயத் தொறக்கற? நமக்கு யாரு சொன்னா?"

இரண்டாம் நாள் ரெங்கசாமி வந்தார். அவள் வகுப்பில் படிக்கும் வாணியின் அப்பா. தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறவர். பள்ளி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். மழை நாளில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் மோட்டாரில் ஏற்றி, பிளாஸ்டிக் கோட்டால் மூடிக்கொண்டு தீவுப் பாலத்தைக் கடக்கிற குடும்பம் அது. வாணி காலில் ஈரச் சப்பாத்தோடு வகுப்பில் நடுங்குவதை வெரோனிகாவே பார்த்திருக்கிறாள்.

"வண்டி எப்படிங்க டீச்சர்?"

"ஓடுது, வாணி அப்பா."

"கோளாறு ஏதும் உண்டுங்களா?"

கேட்டுவிட்டார். கேட்டால் சொல்ல வேண்டும் என்பதுதான் பேச்சு. வெரோனிகாவின் கண் முன்னால் லோகேஸ்வரியின் பதிவேடு நின்றது.

"பழைய வண்டிதானே. சின்னச் சின்னது இருக்கும்."

"அது இருக்கும்ங்க. ஃபோர்மன்கிட்ட காட்டிட்டு எடுன்னு என் மச்சான் சொன்னான். நான்தான் வேணாம்னுட்டேன். டீச்சர் வண்டியப் போய் சந்தேகப்படறதான்னு."

அவள் விலையில் ஐந்நூறு ரிங்கிட் குறைத்தாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, வாணிக்காக என்று நினைத்துக் கும்பிட்டார். பெயர் மாற்றுவதற்காக வண்டியைச் சோதித்த அன்று நல்ல வெயில். கார் சமர்த்துப் பிள்ளையாக நின்று தேறியது.

வெரோனிகா வேறு கார் எடுத்தாள். ஏழு மணிக்கே பள்ளியில் இருந்தாள். மூன்றாவது வாரம் லோகேஸ்வரி, "இப்படியே இருங்க," என்று தோளில் தட்டினார். அந்த மூன்று வாரமும் மழை இல்லை. வானம் கருத்த ஓரிரு மாலைகளில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், கிள்ளானில் மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. போன் அடித்தது.

"டீச்சர், சாப்பிட்டீங்களா? தொந்தரவுக்கு மன்னிச்சுக்கணும். ரெங்கசாமி பேசறேன்." அவர் குரலைவிட மழைச் சத்தம் பெரிதாக இருந்தது. "பந்திங் போயிட்டு வந்துக்கிட்டு இருந்தோம். வண்டி படக்குன்னு நின்னுருச்சு. வாணியும் தம்பியும் பின்னால இருக்காங்க. ரோட்டு ஓரம் ஒதுக்கக்கூட முடியல. லோரி உரசிக்கிட்டுப் போகுது. யாரைக் கேக்கறதுன்னு தெரியல. நீங்க ஓட்டுன வண்டியாச்சே."

வெரோனிகா யோசிக்கவில்லை. யோசிக்க நேரமும் இல்லை.

"சாவியத் திருப்பி முழுசா அணைச்சிடுங்க. ஸ்டியரிங்குக்கு அடியில கைய விடுங்க, வலது பக்கம். ஒரு மூடி இருக்கும், இழுத்தா கழண்டுரும். உள்ள கறுப்பா சதுரமா மூனு இருக்கும். நடுவுல இருக்கறத விரல் மடக்கி ரெண்டு தட்டு தட்டுங்க. பலமா தட்டாதீங்க. பத்து வரைக்கும் எண்ணிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. ஏர்கான் போடாதீங்க, நின்னுரும்."

போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு அவர் குனிவது கேட்டது. யாரோ பத்து வரை எண்ணினார்கள். வாணியின் குரலாக இருக்கலாம். ஏழு, எட்டு, ஒன்பது. பிறகு இன்ஜின் சத்தமும் பிள்ளைகள் கை தட்டுவதும் கேட்டன.

"வந்துருச்சுங்க டீச்சர்," என்றார் ரெங்கசாமி. அவர் வண்டியை நகர்த்தி எங்கோ ஒதுக்கி நிறுத்தும் வரை அவள் போனை வைக்கவில்லை.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"இது முன்னாலயே இருந்ததுதானுங்களா?"

"ஆமா, வாணி அப்பா. மழையில நிக்கும். வெள்ளத்துல முங்குன காரு. எனக்குத் தெரியும்."

ஹென்றியிடம் தான் கத்தியதுபோல அவர் கத்துவார் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள். கத்தினால் தேவலை என்றிருந்தது. அவர் கத்தவில்லை.

"சொல்லியிருந்தாலும் நான் வாங்கித்தான் இருப்பேன், டீச்சர். என் காசுக்கு வேற என்ன காரு வரும்?" என்றார். "மழை அன்னைக்குப் பிள்ளைங்கள ஏத்தியிருக்க மாட்டேன். அவ்வளவுதான்."