பாலோ தோட்டத்தில் அக்கா பெயர் கேட்ட வாரம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய சொந்தபந்தங்களே, முதலில் எல்லாரும் சாப்பிட்டீர்களா? அக்கா இருந்தால் வாசலிலேயே அதைத்தான் கேட்டிருப்பார். அவர் போய் வருடம் திரும்பிவிட்டது. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். "பாட்டி, கொஞ்சம் ஸ்லோவா சொல்லுங்க லா, கை வலிக்குது" என்கிறாள். அக்காவைப் பற்றிப் பேசு என்றால் எனக்கு எங்கே மெதுவாக வரும்?

அக்கா பிறந்தது திருநெல்வேலிப் பக்கம், பனை ஏறுகிறவர்கள் ஊரில். நானும் அங்கேதான் பிறந்தேனாம். எனக்கு நினைவிருப்பது கப்பலில் வாந்தி எடுத்ததும், அக்கா தன் பாவாடையாலேயே என் வாயைத் துடைத்ததும்தான். அப்பா மலாயாவில் குளுவாங் என்கிற ஊருக்கு ரயில்வே வேலைக்கு வந்தார். அம்மா வந்த கொஞ்ச நாளிலேயே காய்ச்சலில் போய்விட்டார். அதற்குப் பிறகு அக்காதான் எனக்கு எல்லாம். என்னையும் படிக்க வைக்கப் பார்த்தார். அவர் பலகையை எடுத்தால் நான் கோழி பிடிக்க ஓடிவிடுவேன். அந்தக் கோழிகளும் என்னை நம்பித்தான் வளர்ந்தன.

மிஷன் பள்ளிக்கூடத்தில் இருந்த வெள்ளைக்காரத் துரைசானி ஒருவர் அக்காவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு, வீடு வீடாகப் போய் வேதம் வாசித்து ஜெபிக்கும் வேலைக்குப் பழக்கினார். தோட்டங்களில் அக்காவை 'பைபிள் அம்மா' என்பார்கள். அப்போது அவருக்குக் கல்யாண வயதுதான். கல்யாணம் அவருக்கு நடக்கவே இல்லை. ஜப்பான்காரன் வந்ததும் துரைசானியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். "இனிமே வீட்டோட கெட" என்றார் அப்பா.

"அவங்க போயிட்டாங்கப்பா. ஆண்டவருமா போயிட்டாரு?" என்று கேட்டார் அக்கா.

அக்காவிடம் கேள்வி கேட்டு ஜெயித்தவர்களை நான் பார்த்ததில்லை.

பொங்கல் கழிந்த ஒரு திங்கட்கிழமை அக்காவும் நானும் ரயிலேறிப் பாலோவில் இறங்கி, உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்துக்கு நடந்தோம். வழியில் ஜப்பான் சிப்பாய் நின்றால் குனிந்து கும்பிட வேண்டும். நான் பயத்தில் ரொம்பவே குனிந்ததில், தலையிலிருந்த மூட்டை உருண்டு சிப்பாய் காலடியில் போய் நின்றது. அவன் அதைக் காலால் எத்தித் திருப்பி அனுப்பினான். அன்றைக்கு நாங்கள் தப்பித்ததே பெரிது.

தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், ஆண்கள் அநேகமாக இல்லை. "கொஞ்ச நாள் வேலை, நல்ல சம்பளம்" என்று சொல்லி, ரயில் பாதை போடச் சயாமுக்கு ஜப்பான்காரர்கள் கொண்டு போயிருந்தார்கள். போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. பெண்கள் கோணிச்சாக்கைச் சுற்றிக்கொண்டு மரவள்ளி வெட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களை யாரும் வா என்று சொல்லவில்லை. கடைசியில் அங்கம்மா என்கிற அம்மாள்தான் கூப்பிட்டார். அவருடைய ஒரே மகன் சயாமில். வீட்டில் அவரும் மருமகள் செல்லாயியும் மட்டும்.

"பொட்டப் புள்ளைங்க ரெண்டு பேரும் எங்கடி போவீங்க? இங்கயே படுங்க. கெழங்குதான் இருக்கு. ஆமா, ஒங்க சாமிக்குப் படையல் உண்டா?"

"இல்லம்மா. ஒண்ணும் வேணாம் அவருக்கு."

"கறி வேணாம், சோறு வேணாம், தேங்காயும் வேணாமா? அலமாக்! ஜப்பான்காரன் காலத்துக்குன்னே வந்த சாமியா இருக்கே!"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். நெற்றி நிறையத் திருநீறு பூசிய அங்கம்மாவுக்கும் அக்காவுக்கும் அந்தச் சிரிப்பில்தான் ஒட்டியது.

அக்கா அங்கே வேதத்தைத் திறப்பதற்கு முன்னால் மண்வெட்டியை எடுத்தார். பெண்களோடு கிழங்கு தோண்டினார். பிள்ளைகளின் காலில் இருந்த புண்களை வெந்நீர் விட்டுக் கழுவினார். சாயங்காலம் லயத்து வாசலில் உட்கார்ந்து பாட்டுப் பாடி, இயேசு வியாதிக்காரரைத் தொட்டுச் சுகமாக்கிய கதையைச் சொன்னார். கதை முடிந்ததும் செல்லாயி மெதுவாகக் கேட்டாள். "எங்க வீட்டு ஆளுக்காக ஒங்க சாமிகிட்டக் கேப்பீங்களா அக்கா?"

"கேக்குறேனே. பேரு என்ன?"

செல்லாயி தலையைக் குனிந்துகொண்டாள். கட்டினவன் பெயரைப் பெண்சாதி வாயால் சொல்லக் கூடாது, சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும். அந்தக் காலத்தில் எல்லாருக்கும் அப்படித்தான். நானும் கட்டிக்கொண்ட பிறகு எங்கள் வீட்டுக்காரரை 'இந்தாங்க' என்றுதான் கூப்பிட்டேன். கட்டிக்கொள்ளாத அக்காவுக்கு அது தோன்றவில்லை.

"முருகன் கையில இருக்குமே, அது" என்றாள் செல்லாயி.

வேதக்காரக் குடும்பத்தில் பிறந்த அக்காவுக்கு முருகனைப் பற்றி என்ன தெரியும்? எங்கேயோ சுவரில் பார்த்த படத்தை நினைத்துக்கொண்டு, "சேவலா?" என்றார்.

லயமே சிரித்தது. "அடியே, ஒம் புருஷன் பேரு சேவலாம்டி!" என்று ஒருத்தி செல்லாயியின் முதுகில் அடித்தாள். "ஆமா, விடியக்காலம் அவருதான் கூவி எழுப்புவாரு" என்று செல்லாயியும் சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிள்ளைகள் "வேலு! வேலு!" என்று கத்தி உண்மையைப் போட்டு உடைத்தார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு சாயங்காலமும் அதுதான் விளையாட்டு. சீதை புருஷன் என்பாள் ஒருத்தி. சுண்ணாம்பு நிறம் என்பாள் இன்னொருத்தி. ராமன், வெள்ளையன் என்று அக்கா கண்டுபிடித்துக் கண்டுபிடித்து, ஒவ்வொரு பெயரையும் சொல்லி ஜெபித்தார். அவர்கள் ஆமென் சொல்லத் தெரியாமல் "ஆமா, ஆமா" என்றார்கள். சயாமுக்கு ஆட்களை ஏற்றிய நாளிலிருந்து அந்த வாசலில் சிரிப்பே கேட்டதில்லை என்று அங்கம்மா என்னிடம் சொன்னார்.

சனிக்கிழமை சாயங்காலம் அக்கா சொன்னார். "நாளைக்கி ஆராதனை முடிஞ்சதும் நான் போயிருவேன். அப்புறம் ஒங்களுக்காக யாரு கேப்பா? நீங்களே கேளுங்க. ஆண்டவர்கிட்டப் பேச நடுவுல ஆளு வேணாம். பிள்ளை அப்பாகிட்டக் கேக்குற மாதிரி, பேரச் சொல்லிக் கேளுங்க."

"பேரச் சொன்னா ஆயுசு போயிருமே அக்கா."

"சொன்னா போவாது. நான் சொல்றேன்ல?"

மற்றவர்கள் அசையவில்லை. செல்லாயி மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "சாமி... வேலு... எங்க வேலுவ அனுப்பி வுட்டுரு சாமி. வேலுவ அனுப்பி வுட்டுரு." முதலில் மூச்சாக வந்தது. அப்புறம் கூப்பிடுகிற குரலாகவே வந்துவிட்டது.

உள்ளே கிழங்கு அவித்துக்கொண்டிருந்த அங்கம்மா அகப்பையோடு ஓடிவந்தார். "அடிப்பாவி! எம் புள்ளைக்கு வாயாலயே கொள்ளி வச்சியேடி!" என்று மருமகளை அறைந்தார். பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "எங்க பசியோட பசியா ஒனக்கும் சேத்துத்தானே அவிச்சேன்? எம் மவன் ஆயுசயா கூலியாக் கேட்ட?"

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடத்த வேண்டும் என்றிருந்த அக்கா, விடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். யாரும் வெளியே வரவில்லை. ரயிலில் எப்போதும் பாடிக்கொண்டே வருகிறவர், அன்றைக்குப் பாடவில்லை.

அதன் பிறகு அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. ராத்திரி எத்தனை தரம் முழங்காலில் நின்றாலும் வேலு பெயர் ஜெபத்தில் வரும். "அவன் வந்துரணும். அவன் வந்தாத்தான் அந்தப் பொண்ணு அந்த வீட்டுல நிமிந்து நடக்க முடியும்" என்பார். அவன் வராவிட்டால் என்று கேட்க நான் வாயெடுத்து நிறுத்திக்கொள்வேன்.

சண்டை முடிந்தது. சயாமிலிருந்து எலும்பும் தோலுமாக ஆட்கள் திரும்ப ஆரம்பித்தார்கள். எங்கள் வேதக் கோயில் வளாகத்தில் கொட்டகை போட்டு அவர்களுக்குக் கஞ்சி ஊற்றினோம். அக்கா ஒவ்வொருவரிடமும் எந்தத் தோட்டம் என்று கேட்பார். ஒரு நாள், காலில் பெரிய புண்ணோடு படுத்திருந்த முனியன் என்கிறவர் அந்தப் பாலோ தோட்டத்தைச் சொன்னார்.

"வேலுவா? அவன் பேதியில போயிட்டான்மா. நாந்தான் தூக்கிப் போட்டேன்."

அக்கா கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தார். "எப்ப?"

"போன வருசத்துக்கு மொத வருசம். தீபாவளிக்கு முந்தி."

"நல்லா நெனச்சுச் சொல்லுங்கண்ணே. தீபாவளிக்கு முந்தியா? பொங்கலுக்குப் பெறகு இல்லையே?"

"தீபாவளி அன்னைக்கி ஆத்தங்கரையில ஒக்காந்து அவன நெனச்சுத்தானேம்மா அழுதோம்."

நாங்கள் தோட்டத்துக்குப் போனது அதற்கு அடுத்து வந்த பொங்கல் கழிந்து. செல்லாயி வாய் திறப்பதற்கு எவ்வளவோ முன்னாலேயே அவன் மண்ணுக்குள் போய்விட்டான். அக்காவின் முகத்தில் அப்போது ஒரு நிம்மதி வந்தது. அது வந்ததற்காகவே அவர் உடனே அழுததையும் நான் பார்த்தேன்.

முனியன் எழுந்து நடக்க ஆரம்பித்ததும் மூன்று பேருமாகப் போனோம். லயத்தில் செல்லாயி இளைத்துப்போயிருந்தாள். திரும்பி வந்தவர்கள் வந்துவிட்டார்கள், வேலு வரவில்லை. அவள் வாய்தான் கொன்றது என்று லயம் பேசிக்கொண்டிருந்தது. அங்கம்மா அவளை விரட்டவில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒரே அடுப்பு, இரண்டு ஊமைகள்.

அக்கா வாசலிலேயே நின்று சொன்னார். முனியன் தன் கையால் அடக்கம் செய்ததையும், எப்போது என்பதையும் சொன்னார். அங்கம்மா மார்பில் அடித்துக்கொண்டு கீழே விழுந்தார். கொஞ்ச நேரம் கழித்து, தரையில் நகர்ந்து நகர்ந்து மருமகளிடம் போனார். "நீ இல்லடி ஆத்தா. நீ இல்ல" என்று அவள் காலைக் கட்டிக்கொண்டார்.

செல்லாயி அழவில்லை. அக்காவைப் பார்த்துக் கேட்டாள். "அப்ப அன்னைக்கி நான் கூப்புட்டப்ப அவரு இல்ல. ஒங்க சாமிக்கு அது தெரியும்ல? தெரிஞ்சிருந்தும் எதுக்குக்கா என்னைய அப்படிக் கூப்புட வுட்டாரு?"

எதற்கும் ஒரு வசனம் வைத்திருக்கிற அக்காவிடம் அன்றைக்கு வசனம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். அங்கம்மாதான் பேசினார். "அந்தப் பேச்ச வுடுடி. அவன் பேர இன்னொரு தரம் சொல்லு. சொல்றதுக்கு ஒன்ன வுட்டா எனக்கு யாரு இருக்கா?" செல்லாயி சொன்னாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அந்த லயத்தில் யாரும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. அக்கா அதற்குப் பிறகும் அங்கே போய்க்கொண்டுதான் இருந்தார், அங்கம்மாவுக்குக் கண் தெரியாமல் போன பிறகும், அந்த அம்மாள் காலம் முடிகிற வரைக்கும். மற்றத் தோட்டங்களுக்கும் போனார், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார், முடியாத வயதில் என் வீட்டுக்கு வந்து என் சமையலைக் குறை சொன்னார். எதையும் உறுதியாகச் சொல்லி, "நான் சொல்றேன்ல?" என்று முடிக்கிற பழக்கத்தை மட்டும் விட்டுவிட்டார்.

குளியலறையில் விழுந்து படுக்கையான பிறகு ஒரு மத்தியானம் கேட்டார். "சின்னவளே, அந்தப் பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்கணும்?"

"எனக்கென்னக்கா தெரியும்? நான் கோழி பிடிக்கப் போனவ" என்றேன். சிரித்தார். சிரித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு நாளில் போய்விட்டார்.

அக்காவைத் தூக்கி உட்காரவைத்துக் கஞ்சி கொடுத்த பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண்ணுக்கும், ஆஸ்பத்திரியில் முகம் சுளிக்காமல் பார்த்த நர்ஸ் பிள்ளைகளுக்கும், தினமும் வந்து ஜெபித்த சபைப் போதகர் ஐயாவுக்கும், சிங்கப்பூரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்து பெட்டிக்குத் தோள் கொடுத்த சொந்தக்காரப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு வயதாகிவிட்டது.

அக்கா ஆண்டவரிடம் சுகமாக இருக்கிறார் என்று எல்லாரும் எனக்கு ஆறுதல் சொல்கிறீர்கள். இருப்பார். ஆனால் போனதும் முதல் வேலையாகச் செல்லாயியின் கேள்வியைக் கேட்டிருப்பார். பதில் வருகிற வரைக்கும் உட்கார்ந்திருக்க மாட்டார்.