வழியனுப்பும் மூன்று படிகள்

இந்த ஊரில் யாரும் யாரையும் சும்மா போகவிடுவதில்லை. பேருந்தை விட்டு இறங்குகிறவர் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார். ரொட்டிக் கடைப் பெண் என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "சீ யூ லேட்டர்" என்கிறாள். மான்செஸ்டருக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரர் அப்படிச் சொன்னதை நம்பி, சாயங்காலம் தேநீர் போட்டு இரண்டு கோப்பைகளோடு காத்திருந்தேன். அவர் வரவில்லை. மறுநாள் தெருவில் பார்த்தபோதும் அதையேதான் சொன்னார். பிறகு எனக்கும் பழகிவிட்டது. இப்போது நானும் நாளெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், சம்பளத்துக்கு.

இங்கே ஒரு பெரிய ஹோட்டலின் வரவேற்பில் மேற்பார்வையாளன் நான். போன வாரம் ஒரு முதியவர் அறையைக் காலி செய்ய வந்தார். கறுப்புக் கோட்டு, கறுப்பு டை. அண்ணனை அடக்கம் செய்ய வந்ததாக முதல் நாளே சொல்லியிருந்தார். அவர் பெயரைச் சொன்னேன், தங்கியதற்கு நன்றி சொன்னேன். மூன்றாவதாகச் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. அவர் தலையாட்டிவிட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டு போனார். மேலாளர் கரோல் பார்த்துவிட்டாள். "மறுபடி வரச் சொல்லி அழைக்கவில்லையே?" என்றாள். சாவுக்கு வந்தவரை எங்கள் ஊரில் அப்படி அழைக்கமாட்டோம், அவர்களும் சொல்லிக்கொள்ளாமல்தான் போவார்கள் என்றேன். "நழுவிப் போய்விடுவார்களா? யார் போனார், யார் இருக்கிறார் என்று வீட்டுக்காரர்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். வாசலில் செருப்பு குறைவதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள் என்றேன். நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துச் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, மனச்சோர்வுக்குக் கம்பெனி வைத்திருக்கும் தொலைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். நல்ல பெண். அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கம்பெனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேருகிற எல்லோருக்கும் அதன் கதையைப் படமாகப் போட்டுக் காட்டுவார்கள். முதலில் வேலைக்குச் சேர்ந்த மஸ்கட்டில் ஒருமுறை, மாற்றலாகி வந்த இங்கே ஒருமுறை பார்த்திருக்கிறேன். ஏதோ ஒரு குளிர்ப் பிரதேசத்து ரயில் நிலையத்தின் எதிரே, புருஷனை இழந்த ஒரு பெண்மணி ஆறு அறை வைத்து விடுதி நடத்தினாளாம். தங்கிவிட்டுப் போகும் ஒவ்வொருவரையும் வாசல் வரை வந்து, பெயர் சொல்லி, நன்றி சொல்லி, மறுபடியும் வரும்படி அழைத்து அனுப்புவாளாம். பேரன்மார் இன்னும் பல விடுதிகள் திறந்தார்கள், பிறகு விற்றார்கள். வாங்கியவன் இன்னொருவனோடு சேர்ந்தான். இன்று தலைமை அலுவலகம் அந்தப் பெண்மணி கேள்விப்பட்டே இராத ஒரு நாட்டில் இருக்கிறது. நான் நிற்கும் கட்டடம் கம்பெனியுடையது அல்ல. படுக்கை விரிப்பு ஒரு சலவைக்காரரிடமிருந்து வாடகைக்கு வருகிறது. அறை பெருக்குகிறவர்கள் ஏஜென்சி ஆட்கள். கம்பெனி என்று கையில் மிஞ்சியிருப்பது ஒரு பெயர், அறை பதிவு செய்யும் கணினி, ஒரு தடித்த விதிப்புத்தகம், அவ்வளவுதான். அந்தப் பெண்மணி மனசோடு செய்தது அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கமாகிவிட்டது. வழியனுப்புதல், மூன்று படிகள்: பெயர், நன்றி, மறு அழைப்பு. விருந்தாளி வேஷத்தில் வந்து தங்கி, இதற்கெல்லாம் மதிப்பெண் போட்டுவிட்டுப் போகிற ஆட்களும் உண்டு.

கம்பெனியில் சேருவதற்கு முன்னால் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு லாட்ஜில் வேலை பார்த்தேன். அங்கே வழியனுப்புவது என்றால் "அண்ணாச்சி, சாவியக் குடுத்துட்டேளா?" என்று கேட்பதுதான். மஸ்கட் பயிற்சியாளர் எங்களைக் கண்ணாடி முன் நிறுத்தி, நெஞ்சில் கைவைத்து லேசாகக் குனியப் பழக்கினார். ஒரே மாதத்தில், குளியலறைக்குப் போகும் அறைத் தோழனைக்கூட மறுபடி வரும்படி அழைத்தேன். அம்மாவிடம் பேசி முடிக்கும்போது ஒருநாள், "கூப்பிட்டதுக்கு ரொம்ப நன்றிம்மா, மறுபடியும் கூப்பிடுங்க" என்று வந்துவிட்டது. அம்மா சிரிசிரியென்று சிரித்தாள். "ஏலே சங்கரா, நான் என்ன ஒங்க ஓட்டல்ல ரூம் போட்டா இருக்கேன்?"

கடைசி ஆறு வருஷம் அம்மா ஆழ்வார்குறிச்சியில் கோமதி அக்கா வீட்டில் இருந்தாள். குளிப்பாட்டியது, ஊட்டியது, ராத்திரி எழுந்து புரட்டிப் படுக்க வைத்தது எல்லாம் அக்காதான். நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசினேன். அதைப் பெரிய காரியமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா இறந்த செய்தி வந்து, மூன்று விமானம் மாறி நான் போய்ச் சேரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். கொள்ளி வைத்துவிட்டு, மொட்டைத் தலையோடு குளித்துத் திரும்பினேன். அம்மா போனபிறகு ஊரில் எனக்கென்று இருந்த ஒரே வாசல் அக்கா வீட்டு வாசல்தான். அதில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க வந்தவர்கள் எப்படிப் போவார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எழுந்திருப்பார்கள், ஒருமுறை உள்ளே பார்ப்பார்கள், செருப்பை மாட்டுவார்கள். வீட்டுக்காரர்களும் போகிறவர்கள் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். கடைசியாக மாமா எழுந்தார், அம்மாவின் தம்பி. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் அத்தையை ஐ.சி.யூ.வில் விட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். இரண்டு நாளாக நான் தூங்கவில்லை. என்னைத் தாண்டி ஒரு ஆள் வெளியே போகிறார் என்பது மட்டும்தான் மண்டையில் ஏறியது. கை தானாக நெஞ்சுக்குப் போனது. உடம்பு லேசாகக் குனிந்தது.

"மாமா, வந்ததுக்கு ரொம்ப நன்றி. கட்டாயம் மறுபடியும் வாங்க."

மூன்று படியும் வரிசை மாறாமல் சொல்லிவிட்டேன். சிரித்தேனா என்று தெரியவில்லை. சிரித்திருப்பேன், அதுவும் புத்தகத்தில் இருக்கிறது. மாமா ஒரு செருப்பை மாட்டிய காலோடு அப்படியே நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொன்றையும் மாட்டிக்கொண்டு காரில் ஏறினார். தாழ்வாரத்தில் யாரோ ஒரு பெண், "சிவ சிவா" என்றாள்.

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"துட்டி வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு மறுபடியும் வாங்கன்னு சொல்லுதியே. அடுத்து யாரு சாவுக்குலே வரச் சொல்லுத?"

"தூக்கக் கலக்கம்க்கா. வாயில தானா வந்துட்டு."

"தானா வருதுல்லா, அதான்லே எனக்கு வயிறு எரியுது. இங்கன அம்மையப் பறிகுடுத்தவனா நீ நிக்கல. லாட்ஜ்காரனால்லா நின்ன."

அதற்குப் பிறகு அக்கா என்னோடு பேசவில்லை. பாபநாசத்தில் அஸ்தி கரைக்கப் போனபோது வேனில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் பின்னால் போய் உட்கார்ந்தாள். சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், பேச்சு மட்டும் இல்லை. ஒன்பதாம் நாள் அத்தை குணமாகி வீட்டுக்கு வந்துவிட்டதாக மாமா போன் செய்தார். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. இனி அக்கா பேசுவாள் என்று அடுப்படிப் பக்கம் இரண்டு தடவை போய் நின்றேன். பேசவில்லை. அப்போதுதான் விளங்கியது, அவள் கோபம் சகுனத்தைப் பற்றியது அல்ல. நான் லாட்ஜ்காரனாக நின்றதைப் பற்றியது.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டதும் நான் கிளம்ப வேண்டியிருந்தது. மறுநாள் காலை தூத்துக்குடியில் விமானம். பெட்டியோடு கூடத்தில் நின்றேன். அக்கா அம்மாவின் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தேன். அத்தான் என் தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்துவிட்டார்.

"சொல்லிக்காத மாப்ள. இன்னைக்கும் அப்படித்தான். பைய கிளம்பு."

"அக்கா ஒரு வார்த்தை சொல்லலியே அத்தான்?"

"துட்டி வீட்ல எவன் சொல்லுதான்? அவளும் சொல்ல மாட்டா."

அவர் சொன்னது முறைதான். ஆனால் அக்கா முறைக்காகச் சொல்லாமல் இருந்தாளா, இனி நான் வரவே வேண்டாம் என்று நினைத்துச் சொல்லாமல் இருந்தாளா? கார் ஏறும்போது அவள் தலை நிமிர்ந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. பார்க்கக்கூடாது என்பதால் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று திருநெல்வேலியில் எங்கள் கம்பெனி ஹோட்டலில் தங்கினேன். முன்பு கல்யாண மண்டபமாக இருந்த இடத்தில் பைபாஸ் ஓரமாக எழுப்பியிருக்கிறார்கள். கட்டடம் யாரோ உள்ளூர் முதலாளியுடையது; வாசலில் எங்கள் பெயர். ஊழியர்களுக்கு உலகம் முழுக்கச் சலுகை உண்டு. கட்டிலுக்கும் சுவிட்சுக்கும் உள்ள தூரம் மான்செஸ்டரில் உள்ளதேதான். விளக்கைத் தேடாமல் அணைத்தேன். சொந்த ஜில்லாவில் கண்ணை மூடிக்கொண்டு என்னால் நடமாட முடிந்த ஒரே இடம் அதுதான் என்று நினைத்தபோது அழுகை வந்தது. பதினாறு நாளில் அன்றைக்குத்தான் அழுதேன்.

காலையில் சாவி அட்டையைக் கொடுக்கப் போனேன். மேசைக்குப் பின்னால் இருபத்திரண்டு வயது இருக்கும் ஒரு பெண். ஊர் கங்கைகொண்டான் என்றாள். என் தலையைப் பார்த்துச் சிரித்தாள்.

"திருச்செந்தூர்ல மொட்டை போட்டுட்டு வாரீங்களா சார்? சந்தனம் தடவலியே, வெயில் அடிச்சிரும்லா?"

இல்லையம்மா, துட்டி வீட்டிலிருந்து வருகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அந்தப் பெண் சட்டென்று சிரிப்பை அணைத்துக்கொண்டு, கணினியைப் பார்ப்பதுபோல் குனிந்திருப்பாள். இந்த ஊர்ப் பிள்ளை, அவளுக்கு முறை தெரியும். எந்தப் புத்தகம் என்ன சொன்னாலும் மூன்றாவது படியைச் சொல்லியிருக்கமாட்டாள்.

"ஆமாம்மா, திருச்செந்தூர்தான்" என்றேன்.

அவள் நெஞ்சில் கைவைத்து லேசாகக் குனிந்தாள். "மிஸ்டர் சங்கரன், எங்ககூட தங்குனதுக்கு ரொம்ப நன்றி சார். கட்டாயம் மறுபடியும் வாங்க."

ஒரு குறையும் இல்லை. முழு மதிப்பெண். "வாரேம்மா" என்றேன். வாசலில் கார் வந்து நின்றபிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன், அவள் இன்னொரு தடவை சொன்னாலும் சொல்வாள் என்று.