கிணற்றுக்குக் காய்ச்சல்

துறைமுகத்தில் கப்பல் ஊதினால் எங்கள் வீட்டு அலுமாரிக் கண்ணாடி மெல்ல அதிரும். அதன் மேல்தட்டில், அப்பாவின் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில், பஞ்சில் சுற்றிய உடல் வெப்பமானி ஒன்று படுத்திருந்தது. எனக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா அதைத் தொடமாட்டார். புறங்கையைக் கழுத்தில் வைத்துப் பார்ப்பார், அவ்வளவுதான். அப்பா காய்ச்சலில் போனவர். நான் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தேன். ஆகவே எனக்கு அவர் ஒரு படமும் ஒரு மூக்குக்கண்ணாடியும் மட்டுமே.

பாடசாலையில் விஞ்ஞானக் கண்காட்சி வந்தது. மாதிரியா, சேகரிப்பா, பரிசோதனையா, எந்த வகை என்று அவரவர் சொல்ல வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் மாதிரி என்று கையுயர்த்தினார்கள். முந்தின வருடம் நானும் ஒரு மாதிரிதான் செய்தேன், வெளிச்சவீடு. மின்குமிழ் எரியவில்லை. "இது பகலிலை பாக்கிற வெளிச்சவீடோ பிள்ளை?" என்று ரீச்சர் கேட்டார். வருடம் முழுவதும் என் பெயர் பகல் வெளிச்சவீடு. எனவே இம்முறை பரிசோதனை. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் சூட்டை அளந்து ஒப்பிடுவேன். வேறு யாருக்கும் தோன்றாத யோசனை.

அம்மா கன்னியா வேண்டாம் என்றார். அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு அங்கே போய்க் குளித்து வந்தவர், பிறகு அந்தப் பக்கம் போனதேயில்லை. காட்போட் மட்டை வாங்கித் தருகிறேன், நல்ல பற்றரி வாங்கித் தருகிறேன், மாதிரியே செய் என்று கெஞ்சினார். நான் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டேன். மாமா தன் ஓட்டோவில் கூட்டிப்போவதாகச் சொன்னார். ஆனால் எதைக்கொண்டு அளப்பது? பாடசாலை வெப்பமானி வாசலைத் தாண்டாது. நான் அலுமாரியைக் காட்டினேன். அம்மா தலையசைத்து மறுத்தார்.

"அப்பா இருந்திருந்தா தந்திருப்பார்."

அம்மா எழுந்தார். பஞ்சை விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். வெள்ளிக் கோடு நூற்றிநாலில் நின்றது.

"இது பழுதம்மா. ஒருத்தற்றை வாயிலையும் வைக்காமலே நூற்றிநாலு காட்டுது."

"பழுதில்லைப் பிள்ளை. அது சரியாத்தான் காட்டினது."

என்னைக் கூட்டிப்போக வந்த மாமா வெளியே ஹோர்ன் அடித்தார். அம்மா கையை ஓங்கி உதறினார். கோடு அசையவில்லை. மறுபடி உதறினார். பிறகு இன்னும் பலமாக. கோடு இறங்கியது. என் கையில் தந்துவிட்டுக் குசினிக்குள் போனார். இதற்கு இவ்வளவு நேரமா என்று எனக்கு எரிச்சல்.

சோதனைச்சாவடியில் ஒரு படைவீரர் அதைப் பார்த்து, காய்ச்சல் யாருக்கு என்று கேட்டார். கிணற்றுக்கு என்று மாமா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னார். இருவரும் சிரித்தார்கள்.

கன்னியாவில் அந்தியேட்டி முடித்த குடும்பமொன்று ஈரத்துணியோடு நின்றது. என் பரிசோதனைக்கு இடைஞ்சல் என்றுதான் அவர்களைப் பார்த்தேன். மாமா வாளியில் அள்ளித் தர, நான் அளந்தேன். சூடு குறைந்த கிணறுகளில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கொதிப்பான கிணற்றின் தண்ணீரில் வெள்ளிக்கோடு கிறுகிறுவென்று உச்சிக்கு ஓடியது. மனிதக் காய்ச்சலுக்குச் செய்த கண்ணாடி, நிலத்தின் காய்ச்சலைத் தாங்குமா? டிக் என்றொரு சத்தம். வாளியின் அடியில் ஒரு வெள்ளித்துளி உருண்டது. மாமா அதை அப்படியே ஒதுக்குப்புற மண்ணில் ஊற்றினார்.

வீட்டில் ஏச்சு விழுமென்று பயந்தேன். அம்மா உடைந்ததைப் பற்றிக் கேட்கவேயில்லை.

"தண்ணி நல்ல சூடோ?"

"ஓம்."

வெறும் பஞ்சை மடித்து மேல்தட்டில் வைத்தார்.

கடைசியில் வெளிச்சவீடுதான் செய்தேன். அம்மா வாங்கித் தந்த பற்றரியில் அது நன்றாகவே எரிந்தது.

இப்போது என் வீட்டில் இருப்பது பொத்தானை அழுத்தியதும் முந்தின சூட்டை மறந்துவிடுகிற சாதி. மகனின் நெற்றியருகே அதைப் பிடிக்கும்போதெல்லாம் அந்த வருடத் தவணைப் பரீட்சை நினைவுக்கு வருகிறது. உடல் வெப்பமானியை வாயிலிருந்து எடுத்த பின்னும் பாதரசம் இறங்காதது ஏன் என்றொரு கேள்வி. குழாயின் கழுத்தில் ஓர் ஒடுக்கம் இருக்கிறது, உதறும்வரை எத்தனை வருடமானாலும் அது நின்ற இடத்திலேயே நிற்கும் என்று எழுதினேன். முழுப் புள்ளி. தாளை ஓடிப்போய் அம்மாவிடம் காட்டினேன்.

அவர் அந்த விடையை வாசித்தார். "ஓம், நிக்கும்" என்றார்.

நான் எழுதியதையே திருப்பிச் சொல்கிறாரே, கெட்டிக்காரி என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று நினைத்துக்கொண்டு விளையாட ஓடிவிட்டேன்.