பனிக்கடல் தண்ணீருக்குப் பூசை

பனிக்கடலை நான் பார்த்ததே இல்லை. என் இருபதுகளை மொத்தமாக அதற்குத்தான் கொடுத்தேன். ஆனாலும் நான் பார்த்தது அதன் தண்ணீரை மட்டும்தான், அதுவும் பிளாஸ்டிக் பாட்டிலில். கப்பலில் என் ஆராய்ச்சியை வழிநடத்திய கைடுக்கு ஒரே ஓர் இடம் கிடைத்தது. அவர் போனார். அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள கடலில் வெவ்வேறு ஆழங்களில் மொண்டு, இரண்டு பெட்டி நிறைய பாட்டில்களோடு திரும்பி வந்தார். அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பு எவ்வளவு என்று நான் அளந்து சொல்ல வேண்டும். சொன்னால் எனக்கு டாக்டர் பட்டம். அந்தப் பெட்டிகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் மறுபடி மொண்டு வர வழியில்லை. இன்னொரு கப்பல், இன்னோர் இடம் என்றெல்லாம் யாரும் எங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கவில்லை.

இரும்பா, அதில் என்ன பெரிய அதிசயம் என்று கேட்காத ஆளில்லை. காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் எல்லோரும் கேட்டார்கள். நானும் சளைக்காமல் சொன்னேன். அந்தக் கடலில் வெயில் இருக்கிறது, உப்பு இருக்கிறது, செடி வளர வேண்டிய சத்தெல்லாம் கொட்டிக் கிடக்கிறது. இருந்தும் கண்ணுக்குத் தெரியாத அந்தக் குட்டிப் பாசிகள் வளர மாட்டேன் என்கின்றன. காரணம், இரும்பு இல்லை. ஒரு கோயில் குளத்துத் தண்ணீர் முழுவதிலும் ஒரு குண்டூசித் தலை அளவுக்குத்தான் இருக்கும். பாசி இல்லையென்றால் அதைத் தின்னும் கூனி இறால் இல்லை, கூனி இல்லையென்றால் திமிங்கலம் இல்லை.

அப்பாவுக்குச் சொல்லும்போது மட்டும் வேறு மாதிரி சொல்வேன். அவர் பட்டு நெசவாளி. எங்கள் வீட்டின் நடுக்கூடமே தறிக்குழிதான். "பாவு போட்டாச்சு, ஊடைக்குப் பட்டும் இருக்குது, நாடா மட்டும் இல்லைன்னா புடவை நெய்ய முடியுமா? அந்த நாடாதான்பா இரும்பு" என்றேன் ஒருநாள். அவர் தறியின் மிதிகட்டையை மிதித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். நீளவாட்டப் பாவு நூல்களுக்கு ஊடே ஊடை நூலை இழுத்துக்கொண்டு இங்குமங்கும் ஓடும் நாடா போலவே அதுவும் போய்ப் போய்த் திரும்பி வரும் என்றேன். கோடையில் பனி உருகும்போது கொஞ்சம் வரும், கடலடி மண்ணிலிருந்து கொஞ்சம் வரும். பாசி அதை எடுத்துக்கொள்ளும். பாசி செத்து ஆழத்துக்கு இறங்கும்போது இருட்டில் நுண்ணுயிர்கள் அதைத் தின்று இரும்பை மறுபடி தண்ணீரில் விட்டுவிடும். குளிர்காலப் புயல் கலக்கியடித்து அடித்தண்ணீரை மேலே கொண்டுவரும். திமிங்கலம் கழிப்பதில் இருந்துகூட இரும்பு கடலுக்குத் திரும்பும் என்றதும் அப்பா நாடாவை நிறுத்திவிட்டார்.

"திமிங்கலம் வெளிய போறது கூடவா உன் படிப்புல வருது?"

"வருதுப்பா."

"நல்ல படிப்புமா" என்று சிரித்துவிட்டு மறுபடி நெய்தார். ஆனால் மறுநாளே தெருமுனையில் யாரிடமோ இதையெல்லாம் ஒரு வரி விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார், என்னைவிடத் தெளிவாக.

இவ்வளவு கொஞ்சமான இரும்பை அளப்பதென்றால் உலகமே எதிரிதான். வியர்வை, தூசி, தலைமுடி, வளையல், குழாய்த் தண்ணீர் எல்லாவற்றிலும் இரும்பு இருக்கிறது. பாட்டில்களை அமிலத்தில் வாரக்கணக்கில் ஊறவைத்துக் கழுவித்தான் கப்பலுக்கு அனுப்பியிருந்தோம். மொண்ட தண்ணீர் கெடாமல் இருக்க ஒவ்வொன்றிலும் சில துளி சுத்தமான அமிலம் விட்டு, இரட்டைப் பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வைத்திருந்தார் கைடு. சென்னையில் எங்கள் ஆய்வகத்தில் ஒரு சின்ன அறை மட்டும் தூசியில்லாமல் இருக்கும். தலைக்கு உறை, கைக்கு உறை என்று பேய் மாதிரி அதற்குள் நுழைவேன்.

அளக்க வேண்டிய நேரத்தில் கல்லூரிக்காரர்களுக்குத் திடீரென்று அழகுணர்ச்சி வந்துவிட்டது. கட்டடம் முழுக்க இரும்பு ஜன்னல்களைச் சுரண்டி வர்ணம் அடிக்க ஆரம்பித்தார்கள். எங்கு பார்த்தாலும் சிவப்பாகத் துருப்பொடி பறந்தது. கைடு தலையில் கைவைத்துக்கொண்டார். "இங்கே வைக்கவே கூடாது. பெட்டிகளை உன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. உங்க ஊர்த் தறியெல்லாம் மரம்தானே, எங்க வீட்டை விட இரும்பு கம்மி" என்றார். வாடகைக் காரில், பிறந்த குழந்தையைக் கொண்டுபோவது போல, பெட்டிகளை மடியில் அணைத்துக்கொண்டு காஞ்சிபுரம் வந்தேன். தறிக்கூடத்துப் பரண்மேல் ஏற்றி வைத்து, இதை யாரும் தொடக்கூடாது என்று அம்மாவிடமும் அப்பாவிடமும் சொன்னேன். அப்பா, "சாமி மாதிரி இருக்கட்டும்மா" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த வாரம் ஆயுத பூசை. நெசவாளி வீட்டில் தீபாவளியைவிட அதுதான் பெரிய நாள். தறியை நிறுத்தி, கழுவி, சந்தனம் வைத்து, வாழைக்கன்று கட்டி, வேலை செய்யும் பொருள் எதுவாக இருந்தாலும் பூசையில் வைத்துவிடுவார்கள். என் போதாத காலம், அன்றைக்கென்று நான் தூரமாகிவிட்டேன். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் தறிக்கூடத்துக்குள்ளேயே போகக்கூடாது, பூசைப் பக்கம் தலைகாட்டக்கூடாது. முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவளுக்கும் அதே சட்டம்தான். பின்கட்டில் பாயைப் போட்டு முணுமுணுத்துக்கொண்டு கிடந்தேன். மணிச்சத்தம் கேட்டது, சாம்பிராணி வாசம் வந்தது, பூசணிக்காய் உடைக்கிற சத்தமும் கேட்டது. பசியில் பொரி எப்போது வரும் என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அப்பாவே பொரியும் கடலையும் கொண்டுவந்தார். என்னைத் தொடாமல் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எட்டி உட்கார்ந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"உன் தண்ணிக்கும் பூசை போட்டுட்டேன்மா. உனக்கும் அதானே தொழிலு."

பாட்டிலின் மேல் பொட்டு வைத்திருப்பார் என்று நினைத்தேன். வெளியே பட்டது என்றால் துடைத்துக் கழுவி எப்படியாவது சமாளித்துவிடலாம். "மேலதானேப்பா வெச்சீங்க?" என்று கேட்டேன்.

"மேல வெச்சா பைதான் அழுக்காவுது, நீ திட்டுவே. அதான் ஒவ்வொண்ணா தொறந்து உள்ள ஒரு சிட்டிகை திருநீறு போட்டேன். இன்னா சொல்றது போ, போட்ட ஒடனே நொரைச்சிக்கினு வந்துது! ஒண்ணு கூட விடாம அத்தனையும் நொரைச்சிது. உங்க அம்மாவக் கேளு. சாமி ஏத்துக்கினாரும்மா."

கடைத் திருநீற்றில் சுண்ணாம்புக்கல் பொடி கலந்திருக்கும். அமிலத்தில் அது விழுந்தால் நுரைக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கே தெரிந்த வேதியியல். அந்த ஒரு சிட்டிகையில் என் கடல் தண்ணீரில் இருப்பதைவிடப் பல்லாயிரம் மடங்கு இரும்பும் இருக்கும். நான் தூரம், தீட்டு எல்லாவற்றையும் மறந்து தறிக்கூடத்துக்குள் ஓடினேன். அம்மா "ஏ, உள்ள வராதடி" என்று கத்தினாள். பெட்டிகள் பூமாலையோடு தறிக்கு முன்னால் இருந்தன. ஒவ்வொரு பையின் வாயையும் அப்பா பட்டு நூலால், பாவு இழை பிணைக்கும்போது போடும் முடிச்சைப் போட்டு, அழகாகத் திரும்பக் கட்டியிருந்தார். அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. எல்லாப் பாட்டிலிலும் படிந்திருந்தது.

பின்கட்டுக்குத் திரும்பி வந்து படுத்துக்கொண்டேன். வயிற்றுவலி என்று அம்மா நினைத்தாள். அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்தபிறகு எப்படிச் சொல்வது?

கைடிடம் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, எதற்கும் ஒருமுறை அளந்து பார் என்றார். அளந்தேன். மேல்தண்ணீரில் இரும்பு குறைவாகவும், ஆழம் போகப்போகக் கூடிக்கொண்டும் வந்திருக்க வேண்டும். அந்தக் கோடுதான் என் ஆய்வே. அது வரவில்லை. மேலே, கீழே, நடுவே எங்கும் கருவியின் அளவைத் தாண்டி எகிறியது. பனிக்கடல் இல்லை, எங்கள் வீட்டுச் சாமி அலமாரியைத்தான் நான் அளந்துகொண்டிருந்தேன். உதவித்தொகைக் காலம் முடிந்தது. கைடு ஓய்வு பெற்றார். வேறு கப்பலில் இடம் கேட்டு அவர் எழுதிக்கொண்டே இருந்தார், எங்கிருந்தும் பதில் வரவில்லை.

வாலாஜாபாத் பக்கம் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவருவார்கள், அதில் இரும்பு எவ்வளவு என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். பாட்டிலைத் தூக்கிப் பிடித்தாலே செந்நிறமாகத் தெரியும். கருவியே தேவையில்லை. தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். ஆராய்ச்சி என்ன ஆயிற்று என்று அப்பா கேட்கும்போதெல்லாம், எழுதிக்கொண்டிருக்கிறேன், நேரம் பிடிக்கும் என்றேன். ஒரு புடவைக்கே இவ்வளவு நாளாகிறதே, கடலுக்கு ஆகாதா என்று அவரே எனக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டார். அது என்னை இன்னும் கொன்றது.

அப்பா அதோடு விட்டிருந்தால் கடைசிவரை சொல்லாமலே இருந்திருப்பேன். ஆனால் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்த நுரைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் கல்யாணப் புடவை நெய்யச் சொல்லி ஒரு குடும்பம் வந்திருந்தது. வேலை முடிந்து அலுத்துப்போய் உள்ளே நுழைகிறேன். என்னைக் காட்டி, "இவதான். டாக்டர் ஆவப் போறா. பனிக்கடல் தண்ணிக்கு நான்தான் திருநீறு போட்டேன். அதனாலதான் எல்லாம் நல்லபடியா நடக்குது" என்றார்.

"அதனாலதான்பா எல்லாம் போச்சு" என்றேன்.

வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். நிறுத்தவே முடியவில்லை. திருநீற்றில் இருப்பது என்ன, நுரைத்தது எதனால், பட்டம் ஏன் இனிமேல் வராது என்று நின்ற இடத்திலேயே சொல்லி முடித்தேன். பேசும்போது என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அந்தக் குடும்பம் பிறகு வருகிறோம் என்று எழுந்துபோய்விட்டது. அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவே இல்லை.

அப்பா தறிக்குழியில் கால்களைத் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்தார். நெய்யவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு நான் காபியைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன். அவர் டம்ளரைப் பார்க்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து என் முன்னால் நீட்டினார்.

"சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான்மா தொட்டேன்" என்றார்.