அக்கா தேர்ந்தெடுத்த காபி மெஷின்

அக்கா இல்லாமல் ஓராண்டை ஓட்டிவிட்டோம். அவருடைய வாழ்க்கையை இந்த நினைவு மலரில் எழுதும் பொறுப்பைத் தம்பியாகிய என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எனக்குக் கோர்வையாக எழுத வராது. உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பம்மலில் பிறந்தார். தோல் பட்டறையில் வேலை பார்த்த அப்பா திடீரென்று காலமானபோது அக்காவுக்குப் பதினெட்டு வயது. டைப்ரைட்டிங் கற்று, பல்லாவரத்தில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்து, என்னைப் படிக்கவைத்தார். பிறகு கல்யாணம், சிட்லபாக்கத்தில் சொந்த வீடு, ஒரே மகன் செந்தில். அத்தான் காலமான பிறகும் அந்த வீட்டில் தனியாகவே இருந்தார். மீட்டர் பார்க்க வந்தவரானாலும் சரி, அக்கா கையால் காபி குடிக்காமல் வாசலைத் தாண்ட முடியாது.

ஓய்வு பெற்ற பிறகு குளியலறையில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடியதே தவிர, பிடிமானம் திரும்பவில்லை. ஒருநாள் பில்டரில் ஊற்றுவதற்காகத் தூக்கிய கொதிநீர் பாதத்தில் கொட்டிவிட்டது. பெங்களூரிலிருந்து செந்தில் ஓடிவந்தான். "போதும்மா. நீ தனியா இருந்தது போதும். அடுத்த மாசம் என்னோட வந்துடு" என்று ரயில் டிக்கெட்டையும் எடுத்துவிட்டான்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "இன்ஸ்டன்ட் காபி கலந்துக்கோயேன்க்கா, இதுக்கா இவ்ளோ கலாட்டா?" என்று கேட்டுத் தொலைத்தேன். அக்கா என்னை ஒரு முறை முறைத்தார் பாருங்கள்!

"இன்னிக்கு இவளால காபி போட முடியலைம்பீங்க. நாளைக்கு சோறு வடிக்க முடியலைம்பீங்க. அப்புறம் இந்த வீட்ல எனக்கு என்ன வேலை? ஒரு மாசம் டைம் கொடுங்கடா. நான் போட்டுக் காட்டுறேன்" என்றார்.

செந்திலும் கல்நெஞ்சன் அல்ல. நுரை பொங்கக் காபி தரும் விலையுயர்ந்த மெஷின் ஒன்றை வாங்கி அனுப்பினான். அக்காவும் நானும் செய்த காரியத்தைக் கேளுங்கள். வழக்கமாக வாங்கும் சிக்கரி கலந்த பொடியை அதில் அழுத்தி நிரப்பினோம். சிக்கரி ஊறிக் களியாகி, துளைகளை அடைத்துக்கொண்டது. மெஷின் உறுமியதே ஒழிய ஒரு சொட்டு இறங்கவில்லை. பார்க்க வந்த மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். "இதுக்கு சிக்கரியே ஆகாது மேடம். ப்யூர் காபிதான் போடணும்."

"சிக்கரி இல்லாம அது என்னப்பா காபி? கஷாயம்!" என்றார் அக்கா. மெஷின் மறுபடியும் பெட்டிக்குள் போயிற்று.

அதன் பிறகு நாலு நாள் தாம்பரத்தில் கடை கடையாக ஏறினோம். டப்பாவில் தன் பொடி, பிளாஸ்கில் காய்ச்சிய பால், பையில் டம்ளர். "போட்டுக் காட்டுங்க. குடிச்சுப் பாத்துட்டுதான் வாங்குவேன்" என்பார். எனக்கு மானம் போயிற்று, அக்கா அசரவில்லை. ஒவ்வொரு மெஷினின் கண்ணாடிக் குடுவையையும் தண்ணீரோடு இடது கையால் தூக்கிப் பார்த்தார். மூடியை ஒரு கையால் திறக்க முடிகிறதா, வடிகட்டியைக் கழுவ வருகிறதா என்று பார்த்தார். கடைசியில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு சின்னக் கடையில், இருப்பதிலேயே விலை குறைந்த, சொட்டுச் சொட்டாக வடியும் மெஷினைப் பிடித்தார். பச்சைத் தண்ணீரை ஊற்றினால் போதும். அதுவே சுடவைத்துப் பொடியின்மேல் விட்டுவிடும். கொதிநீரைத் தூக்கவே வேண்டாம். அக்கா பொடியை இரட்டிப்பாகப் போட்டு, தண்ணீரைக் கால்வாசியாகக் குறைத்தார்.

"மேடம், புக்ல அப்படிப் போடலையே" என்று பதறினார் கடைக்காரர்.

"புக்கு எழுதினவங்க டிகாஷனைக் கண்ணால பாத்திருக்காங்களாப்பா?"

கறுப்பாக, கெட்டியாக இறங்கியது டிகாஷன். கடைக்காரரும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, "அடேங்கப்பா!" என்றார்.

மாதம் முடிந்து செந்தில் வந்தான். அக்கா அவனை அடுப்படி வாசலில் நிற்கவைத்தார். உதவப்போன என் கையைத் தட்டிவிட்டார். பாலைப் பாத்திரத்தோடு தூக்காமல் கரண்டியால் மொண்டு ஊற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. செந்தில் குடித்து முடிக்கும்வரை நாங்கள் இருவரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடறேம்மா" என்றான்.

அக்கா திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். எனக்கும் அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன்.

அதற்குப் பிறகு ஆறு ஆண்டுகள் அந்த வீட்டுக்கு அவர்தான் ராணி. சென்ற ஆண்டு ஒரு காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று எதிர்வீட்டு மும்தாஜைக் கூப்பிட்டவர், ஆட்டோ வருவதற்குள் அவர் மடியிலேயே அடங்கிவிட்டார். பெற்ற மகளைப்போல் தாங்கிய மும்தாஜுக்கும், காரியங்களில் உடன்நின்ற தெருவாருக்கும், தொலைவிலிருந்து வந்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். செந்தில், இந்த ஓராண்டாகப் போனில் நீ என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறாய். "அன்னிக்கே கூட்டிட்டுப் போயிருந்தா அம்மா இன்னும் இருந்திருப்பாங்களா மாமா?" எனக்குத் தெரியாதுப்பா. ஆனால் உன் பயத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டு, நீ அவரை அவர் வீட்டில் வாழவிட்டாய். எத்தனை பிள்ளைகளுக்கு அந்த மனசு வரும்? ஊரார் உறவினர் அனைவரும் படிக்கும் இந்த மலரில், என் அக்காவுக்காக உனக்கு நன்றி சொல்கிறேன். இனி அந்தக் கேள்வியைக் கேட்காதே.