வெளியே வைத்தால் காணாமல் போகுமாம்

இன்று காலையும் சத்திரத்து மைக் ரூமில் அதைத் துடைத்து வைத்தேன். சோப்பு டப்பா அளவில் கறுப்பாக ஒரு டப்பா. கம்ப்யூட்டரிலிருந்து ஒரு ஒயர் அதற்குள் வருகிறது. அதிலிருந்து இன்னொரு ஒயர் ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. டிஏசி என்று பேர்; கம்ப்யூட்டர் சத்தத்தை வெளியே எடுத்துக் கொடுப்பது. சங்கிலி கிடையாது, பூட்டு கிடையாது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மைக் அக்கா ஞாபகம் வருகிறது.

திருத்தணி மலைக்கு வருகிறவர்கள் தங்குகிற சத்திரம் இது. நான் வாட்ச்மேன். அக்கா பொதட்டூர்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வரும். வீட்டில் தெலுங்கு. சாப்பாட்டு நேரம், ரூம் காலி பண்ணும் நேரம், காணாமல் போன பிள்ளை என்று எல்லாவற்றையும் இரண்டு பாஷையிலும் மைக்கில் சொல்லும். காவடி மேளத்தையும் தாண்டிக் கேட்கும் குரல். அந்த வேலைதான் அக்காவுக்குச் சோறு.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அக்கா பேசியதை போனில் பிடித்து அதில் ஏற்றினார்கள். ஒரு தடவை அமுக்கினால் திரும்பத் திரும்பச் சொல்லும். ஆனால் கூடவே கொர்ரென்று ஒரு இரைச்சல். மவுசை நகர்த்தினால் கீச்சென்று கத்தும். நடுவில் அக்கா குரல் நசுங்கிக் கிடக்கும். கேட்டவர்கள் அக்காவைத்தான் குறை சொன்னார்கள். அப்போதிருந்த மேனேஜர் அதற்கும் மேலே போனார். "தொண்ட பூடுச்சும்மா உனக்கு. வேற ஆளு பாக்கணும் போலகீது" என்றார்.

ரிப்பேர்காரர் வந்து பார்த்தார். அதே பேச்சைத் தன் போனில் போட்டுக் காட்டினார். சுத்தமாகக் கேட்டது. "அக்கா தொண்ட நல்லாத்தான் கீது சார், கோளாறு பொட்டிக்குள்ள" என்றார். "ரெண்டு வழி கீது. உள்ள வேற சவுண்டு கார்டு மாட்டலாம். ஆனா அதுவும் அந்த கரண்டு, ஃபேனுக்கு நடுவுலதான் உக்காரும். இரைச்சல் போவும்னு நான் சொல்ல மாட்டேன். இல்லன்னா இந்த டிஏசி. வெளிய இருக்கும், உள்ள இருக்கிற சத்தம் இதுல ஏறாது." விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

மேனேஜர் டப்பாவை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். "இத்தினிகாண்டு கீது. வெளிய வெச்சா காணாப் பூடும். எவனாவது பையில போட்டுகினு போனா நான் எங்க போயித் தேடறது? உள்ள மாட்டறதையே மாட்டுப்பா." சொல்லும்போது அவர் கண் அக்காவின் துணிப்பைமேல் இருந்தது. அந்த ரூம் சாவி இருந்ததே அக்காவிடமும் என்னிடமும்தான். தண்ணீர் டம்ளருக்குச் சங்கிலி போட்ட மனுஷன் அவர். டம்ளருக்குப் போட்டது சரி. எங்களுக்குமா?

அக்கா அன்று சாயங்காலம் கிளம்பும்போது மேனேஜர் மேசைமேல் பையைக் கவிழ்த்தது. டிபன் பாக்ஸ், சீப்பு, சில்லறை பர்ஸ், மாத்திரை அட்டை. "பாத்துக்குங்க சார்" என்றது. மறுநாளும் கவிழ்த்தது. தினமும் கவிழ்த்தது. ஒரு நாளாவது வேணாம்மா என்று சொல்வார் என்று பார்த்தேன். அந்த ஆள் சீப்பை நகர்த்திப் பார்த்தார்.

கார்டு மாட்டியும் இரைச்சல் போகவில்லை. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் ஒரு சின்னப் பிள்ளை தாயைத் தவறவிட்டு ஆபீஸில் நின்று அழுதது. கம்ப்யூட்டரில்தான் போடணும் என்று மேனேஜர் ஒற்றைக் காலில் நின்றார். அக்கா குரலில் இரண்டு பாஷையிலும் பேரைப் பதிந்து போட்டோம், மறுபடி போட்டோம். யாரும் வரவில்லை. பிள்ளைக்கு அழுது அழுது விக்கல் எடுத்தது. அக்கா எழுந்து கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பழைய மைக்கைச் சொருகித் தெலுங்கில் சொன்னது. சொல்லி முடிப்பதற்குள் தாய்க்காரி ஓடி வந்தாள். பக்கத்துச் சாப்பாட்டுக் கூடத்தில்தான் இருந்திருக்கிறாள். என்னவோ இரைச்சல் என்று நினைத்தாளாம்.

மேனேஜர் சிரித்தார். "அட, இன்னிக்குத் தொண்ட சரியாப் பூடுச்சே!"

அக்கா திரும்பிப் பார்த்தது. "தொண்ட எப்பவும் சரியாத்தான் கீது சார். கோளாறு பொட்டிக்குள்ளன்னு அன்னிக்கே சொன்னாங்க. நீங்கதான் என் பையில தேடினீங்க."

சாவியை மேசைமேல் வைத்தது. அன்றைக்குப் பையைக் கவிழ்க்கவில்லை. அப்படியே நடந்து போய்விட்டது.

அந்த மேனேஜர் பிறகு வேறு ஊருக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் ஒரு தடவை இரைச்சலைக் கேட்டார், டிஏசி வாங்கி வெளியே வைத்தார். அக்கா பேசிப் பதிந்தது இன்னும் கம்ப்யூட்டரில் இருக்கிறது. இப்போது கணீரென்று கேட்கிறது. யாருங்க பேசறது, நல்லாப் பேசுதே என்று கேட்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. ஒரு டப்பாவை நம்பி மேசைமேல் வைக்க முடியாதவன், ஒரு மனுஷி பிழைப்பைக் கெடுத்தான்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். "வந்துடுக்கா, புது மேனேஜர் கூப்பிடறாரு. அந்த டப்பாவ வாங்கி வெளியவே வெச்சுட்டாரு" என்றேன். அக்கா வேறொன்று கேட்டது.

"அந்த டப்பா இன்னும் கீதா தம்பி?"

"ஆங், வெச்ச எடத்துலயே கீதுக்கா."

"அதப் போயி அந்த ஆளாண்ட சொல்லு." அக்கா பஸ் ஏறிவிட்டது.

அந்த ஆள் இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அதனால் இங்கே எழுதுகிறேன். டப்பா மேசைமேல்தான் இருக்கிறது. எவரும் எடுக்கவில்லை.