ஹெட்லைட்டும் என் வீட்டுக்காரரும்

என் வீட்டுக்காரர் வயர்மேன். முப்பது வருடமாக ஊரில் பாதி வீடுகளுக்குக் கரண்ட் இழுத்துக் கொடுத்தவர். சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போனால் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் சுவிட்ச் போர்டைத் தட்டிப் பார்ப்பார். சட்டைப் பையில் பேனா இருக்காது, டெஸ்டர் இருக்கும். வேறு யாராவது போட்ட வயர் ஜாயின்ட் கண்ணில் பட்டுவிட்டால் போதும், "இது ஜாயின்ட்டா, பல்வலிக்குக் கட்டின துணியா?" என்று அந்த வீட்டு ஆட்கள் காதுபடவே கேட்பார். வேலை சுத்தமான வேலைதான், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். குறையெல்லாம் வாயில்தான்.

இப்படிப்பட்டவருடைய மோட்டார் சைக்கிளில் ஹெட்லைட் கோளாறு. எரியவே இல்லை என்றால் யார் வேண்டுமானாலும் சரிசெய்துவிடலாம். இது எரியும், அணையும், இறங்கிக் குனிந்து பார்த்தால் மறுபடி எரியும்.

முதல் தடவை அணைந்தபோது வண்டியை என் தம்பியிடம் கொண்டுபோனார். தம்பி மெக்கானிக், இரண்டு தெரு தள்ளிக் கடை. பல்பு மாட்டுகிற ஹோல்டர் உருகிப் போயிருந்தது, மாற்றிக் கொடுத்தான். பத்து நாள் ஒழுங்காக எரிந்தது. பதினோராம் நாள் பொழுது சாயும் நேரம், நான் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் விளக்கு போய்விட்டது. குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்துக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவருக்கு வந்தது கோபம் மட்டும்தான்.

மறுநாள் காலை கடைக்குப் போனார். நானும் கூடப் போய்த் தொலைத்தேன். பல்பைக் கழற்றிவிட்டு, வயரில் மீட்டரை வைத்தார். பன்னிரண்டு வோல்ட் காட்டியது.

"பார்த்தியா? வயர்ல கரண்ட் முழுசா வருது. நீ போட்ட ஹோல்டர்தான் மட்டம்."

"மாமா, பல்பை மாட்டிட்டு ஒரு தடவை அளந்து பாருங்களேன்," என்றான் தம்பி, மெதுவாக.

அவ்வளவுதான். வண்டி எடுக்க வந்த மூன்று பேர் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார். "எனக்கே கரண்ட் சொல்லித் தர்றியா? அக்கா புருஷன்தானேன்னு கழிச்சுப் போட்ட சாமானை மாட்டிட்டு, இப்போ வித்தை காட்டுறியா?"

தம்பி கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அன்றோடு எங்கள் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்திவிட்டான்.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பது அவன் ஒருவன்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவான், சமையலறை வாசலில் உட்கார்ந்து எனக்குப் பூண்டு உரித்துக் கொடுத்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவான். அதன் பிறகு போன் செய்தால் "வேலை இருக்குக்கா" என்று வைத்துவிடுவான். நான்கு மாதம் நான் தனியாகத்தான் பூண்டு உரித்தேன்.

இவர் அதோடு விட்டாரா? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். தானே புது ஹோல்டர் வாங்கி மாட்டினார். அணைந்தது.

"அப்போ தம்பி போட்டதுல தப்பு இல்லைதானே?" என்றேன்.

"அவன் கழட்டும்போது சுவிட்சை ஆட்டி விட்டிருப்பான்."

சுவிட்சை மாற்றினார். அணைந்தது. பேட்டரி புதிதாக வந்தது, அதற்கும் அணைந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பெட்ரோல் டேங்க் கழன்று கூடத்துக்கு வந்து, விருந்தாளி மாதிரி நடுவில் உட்கார்ந்துகொள்ளும். ஒருநாள் டீத்தூள் டப்பாவுக்குள் மூன்று திருகாணி கிடந்தது. கேட்டால், "பத்திரமா இருக்கட்டும்னு வெச்சேன்" என்கிறார். இந்த மனிதரோடு குடும்பம் நடத்துகிற எனக்கு யாராவது சிலை வைக்க வேண்டும்.

வேறு மெக்கானிக்குகளிடமும் போனார். அவர்கள் முன்னால் அந்த விளக்கு கைகட்டி நிற்கிற நல்ல பிள்ளை மாதிரி எரியும். "நல்லாத்தானே எரியுது?" என்று அவர்கள் அனுப்பிவிடுவார்கள். தெருமுனை திரும்பினால் அணையும். ஒவ்வொரு தடவை அணையும்போதும் என் தம்பிக்கு ஒரு திட்டு விழும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. விளக்கு எக்கேடோ கெட்டுப் போகட்டும்.

போன ஞாயிறு மதியம் டேங்க் மறுபடி கூடத்துக்கு வந்தது. "கொஞ்சம் ஹேண்டில்பாரைப் பிடிச்சுத் திருப்பு" என்று என்னைக் கூப்பிட்டார். இடது பக்கம் திருப்பினேன், விளக்கு அணைந்தது.

"அப்படியே நில்லு! அசையாதே!"

நின்றேன். மீட்டரை எடுத்துக்கொண்டு சுவிட்சுக்குப் போனார், பேட்டரிக்குப் போனார், மறுபடி சுவிட்சுக்கு வந்தார். எனக்குக் கை கடுத்தது. வெறுத்துப்போய், இன்னொரு கையால் வயரை அங்கங்கே அமுக்கிப் பார்த்தேன். வண்டியின் கழுத்துப் பக்கத்தில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு முண்டு இருந்தது. அமுக்கினால் விளக்கு எரிந்தது. விட்டால் அணைந்தது.

"என்னங்க, இது என்ன?"

எட்டிப் பார்த்தார். "அதை விடு. அது நான் போட்ட ஜாயின்ட். ரெண்டு வருஷம் முன்னாடி போன் சார்ஜ் போட வயர் எடுத்தேன்ல? அதுல ஒண்ணும் இருக்காது."

"பிரிச்சுப் பார்த்தீங்களா?"

"நான் போட்டதை நானே எதுக்குப் பிரிக்கணும்?"

எனக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது. ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் தேடிய கதை கேட்டிருக்கிறேன், அந்த ஆளுக்கே வாக்கப்பட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. நகத்தால் டேப்பைக் கிழித்தேன். "ஏய், ஏய்" என்று கத்தினார். உள்ளே பிசுபிசுவென்று பசை, பச்சை பூத்த செம்பு. கம்பியிழைகள் எல்லாம் அறுந்து, ஒன்றே ஒன்று மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது.

அவர் பல்பைக் கழற்றிவிட்டு அளந்தார், பன்னிரண்டு. பல்பை மாட்டி அளந்தார், மூன்றுகூட இல்லை.

"சும்மா அளக்கும்போது இந்த ஒரு இழை போதும். பல்பு கரண்டை இழுத்தா தாங்காது," என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. தம்பி அன்று சொன்னதும் இதுதான் என்று நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கெட்டுப்போன துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புது வயர் வைத்துப் பற்றவைத்தார். அரை மணி நேர வேலை.

"சரி, முடிஞ்சுது. இதை யார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்காதே."

"மூணு பேர் முன்னாடி அவனைத் திட்டினீங்க. அது முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.

திங்கட்கிழமை காலை வண்டியை வெளியே எடுத்தார். "வர்றியா?" என்றார்.

கடையில் இரண்டு பேர் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். தம்பி குனிந்து ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். இவர் போய் அந்த வயர்த் துண்டை நீட்டினார்.

"இது நான் போட்டது," என்றார்.

தம்பி அதைக் கையில் வாங்கவே இல்லை. "தெரியும் மாமா."

"என்ன தெரியும்?"

"ஹோல்டர் மாத்தும்போதே அந்த டேப்பைப் பார்த்தேன். நீங்க போட்டதாச்சேன்னு தொடலை. அன்னைக்கு மீட்டர்ல பன்னிரண்டு காட்டினப்பவே புரிஞ்சுடுச்சு."

"அப்போ ஏண்டா சொல்லலை?"

தம்பி குரலைத் தாழ்த்தினான். "மூணு பேர் நின்னுக்கிட்டிருந்தாங்க மாமா. அவங்க முன்னாடி, உங்க ஜாயின்ட்தான் போச்சுன்னு எப்படிச் சொல்றது?"

அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ அன்னைக்கே வீட்டுல சண்டை போட்டிருப்பேக்கா."

போட்டிருப்பேன்தான். "இவரு மரியாதையை நீ காப்பாத்தினே, சரி. நாலு மாசம் தம்பி இல்லாம இருந்தது நான்டா," என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

இவர் வயர்த் துண்டைக் கையிலேயே உருட்டிக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார், "இந்த வண்டியில வேற எங்கெல்லாம் நான் கை வெச்சிருக்கேன்?"

தம்பி காத்திருந்த இரண்டு பேரையும் ஓரக்கண்ணால் பார்த்தான்.

"அவங்களுக்கும் கேக்கட்டும். சத்தமாவே சொல்லு."

"ஹாரன்கிட்ட ஒண்ணு இருக்கு மாமா."

சாவியை எடுத்து அவன் கையில் வைத்தார். "பிரி," என்றார்.